வியர்க்காத உடம்பு

1

சென்ற வைகாசியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். நண்பர் ஒருவர் பாலைத்திணை பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்தார். கவனமாக எழுதப்பட்ட கட்டுரைதான். அதன் நடுவில் இந்தப் பொருள்பட ஓர் இடம் வந்தது: வெயில் தமிழ் உடம்பின் இயல்பு, வெயிலை அந்நியமாக உணர்கிறவன் இந்த மண்ணின் கவிதைக்கும் அந்நியன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருவர் தலையாட்டி ‘ரொம்ப சரி’ என்றார். நான் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். மேல்காற்று பலமாக இருந்ததால் அன்று கடற்காற்று வரவே இல்லை. சூரியன் மறைந்து அரைமணி கழித்தும் மணல் சூட்டை விடவில்லை. நண்பர்களுக்கு என் துண்டும் பாட்டிலும் பத்து வருஷப் பழக்கம். என் சுபாவத்தில் அது ஒரு விசித்திரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

வீடு திரும்பிய பிறகும் அந்த வாக்கியம் மனதில் இருந்தது. நான் பிறந்தது சிதம்பரத்தில். வளர்ந்ததும் வேலை பார்ப்பதும் கடலூரில். என் பாஷையும் பரிச்சயங்களும் இந்த ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எனக்கு வியர்க்காது. குறைவாக வியர்க்கும் என்று சொல்லவில்லை. வியர்வைச் சுரப்பிகள் என் தோலில் ஏறக்குறைய உருவாகவே இல்லை. பங்குனி தொடங்கினால் காலை ஒன்பதுக்கு மேல் தெருவில் பத்து நிமிஷம் நடந்தால் காது அடைக்கும், பார்வை மங்கும், உடம்பு காய்ச்சல் கண்டதுபோல் கொதிக்கும். சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டால் இன்னும் அரைமணி தாக்குப்பிடிக்கலாம்.

சொந்த உடம்பை விமர்சனத்துக்குள் கொண்டுவருகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அனுபவம் வாதத்துக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்ளும் அபாயம் அதில் உண்டு. ஆனாலும் நண்பரின் வாக்கியத்துக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. வெயில் தாங்காமை என்பது நம் சரித்திரத்தில் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. சிலருக்கு அது மென்மை என்றும், சிலருக்கு இனத்தின் உயர்வு என்றும் பெயர் பெற்றது. மற்றவர்களுக்கு சோம்பல் என்றே பெயர். யாருக்கு எந்தப் பெயர் கிடைத்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

என் தாய்மாமா சிதம்பரத்தில் இருந்தார். அவருக்கும் வியர்க்காது. தலையில் முடி பூனை மயிர்போல் மெல்லியதாக இருந்து முப்பதுக்குள் உதிர்ந்துவிட்டது. வாயில் மொத்தம் ஆறோ ஏழோ பற்கள். அவையும் கூராக, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றன. தெருப் பையன்களுக்கு அவர் ‘பொக்கை மாமா’. நன்றாகப் படித்தவர். ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து இரண்டு கோடைகளைத் தாண்டினார். மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்க் குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வருவார். முதலில் கேலி செய்தார்கள். பிறகு மெமோ கொடுத்தார்கள். ‘பணியில் மெத்தனம்’ என்று அதில் இருந்தது. மூன்றாவது கோடையில் வேலை போயிற்று. அந்த மெமோவை மாமா கிழிக்கவில்லை. ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தார். நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு ஓர் அச்சகத்தில் இரவில் புரூஃப் பார்த்தார். இரவு ஒன்பது முதல் விடியற்காலை நான்கு வரை அவருடைய நாள். பகலில் கோயிலுக்குப் போய் மேற்குப் பிரகாரத்துத் தூண் ஒன்றின் அடியில் வெற்றுடம்போடு கல்லில் படுத்திருப்பார். பக்தி என்று ஊர் நினைத்தது. கல் குளிர்ச்சி என்று அவர் எனக்குச் சொன்னார். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டால் இளமையாக்கினார் கோயில் குளத்தில் கழுத்தளவு நீரில் நிற்பார். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது நானும் பக்கத்தில் நிற்பேன். ‘மாப்ளே, நம்ம ரெண்டு பேரும் எருமைச் சாதிடா’ என்பார். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிடக் குறைவு, அதனால்தான் அது குட்டையைத் தேடுகிறது என்பது எனக்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. மாமாவுக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்க வழியில்லை.

வீட்டில் வைத்தியம் நடக்காமல் இல்லை. விளக்கெண்ணெய், வெந்தயம், நுங்கு, நீராகாரம், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ‘உஷ்ண தேகம்’ என்பது நோயின் பெயர். நம் வைத்தியப் பிரக்ஞையில் சூடு என்பது உள்ளே போகிற பொருளின் குணம். மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி. எங்கள் விஷயம் அது இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஒரு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அது வெளியேற வேண்டும். சுற்றியுள்ள காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துப் போகும். இந்த வாசல் எங்களுக்கு அடைபட்டிருக்கிறது. மோரும் நுங்கும் வாசலைத் திறக்காது. ஈரத்துண்டுதான் கடன் வாங்கிய வியர்வை. மெத்தனத்துக்குச் சாட்சியாக எழுதப்பட்ட அந்தத் துண்டு, மாமாவைப் பொறுத்தவரை அவர் தோல் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

3

நண்பரின் பாலைக்கு வருகிறேன். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வைத்தது. வெயில் அங்கே பிரிவின் வெளி உருவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த வெயிலில் நடக்கிறவர்கள் யார், நடக்க முடியாது என்று சொல்லப்படுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தலைவன் நடப்பான். பொருள் தேடிப் போகிற அவன் உடம்பு பற்றி யாருக்கும் கவலை இல்லை. உடன்போக்கில் செல்லும் பெண்ணின் பாதங்களைப் பற்றித்தான் செவிலி அழுகிறாள்.

சிலப்பதிகாரத்தில் இது இன்னும் ஸ்தூலமாக இருக்கிறது. புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குப் போகிற வழியில், கண்ணகியால் வெயிலின் வெம்மையைத் தாங்க முடியவில்லை என்று கோவலன் கவுந்தியடிகளிடம் சொல்கிறான். அதனால் அவர்கள் பகலில் தங்கி இரவில் நிலவொளியில் நடக்கிறார்கள். ஒரு காப்பியத்தின் பயண நேரமே ஓர் உடம்பின் தாங்காமையை வைத்து மாற்றப்படுகிறது. உரைகளிலும் மேடைகளிலும் இந்த இடம் கண்ணகியின் மென்மைக்கு உதாரணமாக வரும். மாநாய்கன் மகள், மாடத்தில் வளர்ந்தவள், வெயில் அறியாதவள். மென்மை என்பது இங்கே செல்வத்தின் அடையாளம். அதே வழியில் அன்று தலைச்சுமையோடு போயிருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு வெயில் தாங்கவில்லை என்று எந்தக் காதையும் நேரத்தை மாற்றி வைக்கவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு வெம்மைக் கதை உண்டு. திருநாவுக்கரசரைப் பல்லவ அரசன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான் என்கிறது பெரியபுராணம். பிறகு கல்லோடு கட்டிக் கடலில் எறிய, அவர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பது மரபு. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. சுண்ணாம்புக் காளவாயில் அவர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தின் முதல் பாட்டு, கவனித்தால், குளிர்ச்சிகளின் வரிசைதான். நிலவு, காற்று, இளவேனில், பொய்கை என்று ஒவ்வொன்றாக வருகிறது. அதைச் சரணாகதியாக மட்டும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பன்னிரண்டு வயதில் குளத்து நீரில் நின்றுகொண்டு மாமா அதைச் சொல்லக் கேட்டவன். சூட்டில் மாட்டிக்கொண்டவனின் மனம் வேறெதையும் நினைக்காது என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும்.

இதோடு 1775இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட ஒரு சோதனையைச் சேர்த்துப் பார்க்கிறேன். சார்ல்ஸ் பிளாக்டன் என்ற வைத்தியரும் நண்பர்களும் சூடேற்றிய அறை ஒன்றுக்குள் போய் நின்றார்கள். கடைசியில் அறையின் சூடு 260 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வந்தது. கொதிநீரை மிஞ்சும் சூடு. உடன் வைத்த முட்டை வெந்தது, மாட்டிறைச்சி வெந்தது. மனிதர்கள் சில நிமிஷம் நின்று, நலமாக வெளியே வந்தார்கள். உலர்ந்த காற்றும் வியர்வையும் காப்பாற்றின. நாவுக்கரசரைக் காத்தது எது என்பது விசுவாசத்தின் பாற்பட்ட விஷயம். பிளாக்டனைக் காத்தது தோல். மாமாவை அந்த அறையில் விட்டிருந்தால் முட்டையோடு சேர்ந்திருப்பார்.

சிதம்பரத்தில் கடவுளுக்கே வெயில் தாங்காது. நடராஜருக்கு வருஷத்தில் ஆறு அபிஷேகம். ஆனியிலும் மார்கழியிலும் மூலவரே தேரில் வெளியே வந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் விடியற்காலையில் நீராடுகிறார். கையில் நெருப்பு, நெற்றியில் கண், உடம்பெல்லாம் சாம்பல். அந்த உஷ்ணம் தணியத்தான் திருமஞ்சனம் என்று பக்தர்கள் விளக்கம் சொல்வார்கள். பாலும் சந்தனமும் இளநீரும் குடம் குடமாக ஊற்றுவதைக் கூட்டத்தோடு மாமாவும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எதையும் குறியீடாக்க முயலவில்லை. தெய்வத்துக்கு அனுமதிக்கப்பட்டது எழுத்தருக்கு அனுமதிக்கப்படவில்லை என்பது ஒரு தகவல்.

4

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுதான். 1756 ஜூனில் கிளைவ் இந்தக் கோட்டைக்கு உதவி கவர்னராக வந்து சேர்ந்தார். அதே மாதம் 20ஆம் தேதி இரவுதான் கல்கத்தாவின் ‘இருட்டறை’ நிகழ்ந்தது. ஒரு சிறிய அறையில் 146 பேரை அடைத்து, காலையில் 23 பேர்தான் உயிரோடிருந்தார்கள் என்று தப்பி வந்த ஹால்வெல் எழுதினார். அந்த எண்ணிக்கையைப் பின்வந்த சரித்திரக்காரர்கள் நம்பவில்லை. இறந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு என்பதே பொதுவான முடிவு. ஆனாலும் சூட்டிலும் மூச்சுத்திணறலிலும் இறந்த அந்த வெள்ளையர்களுக்கு நினைவுத்தூண் எழுந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்களில் அவர்கள் இருநூறு வருஷம் இறந்துகொண்டே இருந்தார்கள்.

1921 நவம்பரில் திரூரிலிருந்து மாப்பிளாக் கைதிகள் சுமார் நூறு பேரை மூடிய சரக்கு வண்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் பிணமாகக் கிடந்தார்கள். மொத்தச் சாவு எழுபதை ஒட்டியது. இரண்டு சம்பவங்களிலும் உடம்புகளுக்கு நேர்ந்தது ஒன்றேதான். சரித்திரத்தில் கிடைத்த பக்க அளவு வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெயில் தாங்காமை வெள்ளையனின் இன லட்சணமாக ஆயிற்று. அதற்கென்று ஒரு வைத்திய சாஸ்திரமும் ஓர் உடையும் ஓர் ஊரும் ஏற்பட்டன. உடை, சோலாத் தொப்பி. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்ட நம் குளங்களில் பறிக்கிறோமே, அந்த நெட்டிதான் வங்காளத்தில் சோலா. ஊர், உதகமண்டலம். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் மலையேறியது. மலையேற முடியாத அதிகாரிக்குத் தலைக்குமேல் பங்கா. பங்காவின் கயிறு வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவன் உட்கார்ந்து இழுப்பான். அவனுக்கும் அதே மே மாதம்தான்.

சாஸ்திரம் 1905இல் உச்சத்தை அடைந்தது. சார்ல்ஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர் வெப்ப நாட்டு வெளிச்சம் வெள்ளையர்மேல் செய்யும் கேட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெளுத்த தோலுக்குள் சூரியக் கதிர் புகுந்து நரம்புகளைக் கெடுக்கிறது, கறுத்த தோல் அதைத் தடுக்கிறது என்பது சாராம்சம். பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பில் உள்ளாடை அணிவித்துச் சோதனை செய்தார்கள். பலனில்லை என்று 1910இல் அறிக்கை வந்தது. தோலின் நிறமி கதிரிலிருந்து தோலைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் சூட்டை வெளியேற்றுவது நிறமி இல்லை, சுரப்பி. அது எல்லா இனத்து மனிதனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், இருபது முதல் நாற்பது லட்சம் வரை, இருக்கிறது. எந்த தேசத்து உடம்பும் பத்துப் பதினைந்து நாளில் வெயிலுக்குப் பழகிவிடும். பழகுவது என்றால் வியர்வை முன்னதாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்குவது என்று அர்த்தம். வேறொன்றும் இல்லை.

இந்த சாஸ்திரத்தின் மறுபாதியைத்தான் நாம் இன்னும் விடவில்லை. வெள்ளையனுக்கு வெயில் ஆகாது என்றால் கறுப்பனுக்கு ஆகும் என்பது அதன் முடிவு. வெப்ப நாட்டுத் தோட்டங்களுக்கு வெப்ப நாட்டு உடம்பு என்ற தர்க்கத்தில் நம் மக்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் போயிற்று. கரும்புக் காட்டு வெயில் அவர்களுக்குப் பழக்கமானது என்று எல்லோரும் நம்பினார்கள். நண்பர் கடற்கரையில் வாசித்த வாக்கியத்தில் பெருமிதம் இருந்தது. ஆனால் அதே வாக்கியத்தைத் தோட்டத்துரை ஒருவன் சொல்லியிருந்தாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. இதுதான் எனக்கு உறுத்தியது.

5

எங்களைப் பற்றி யாருமே எழுதி வைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதில் பல் கட்டிக்கொள்ளப் போனபோது ஒரு பல் மருத்துவர் என் வாயைப் பார்த்தார், பிறகு தலைமுடியைப் பார்த்தார், பிறகு ‘உனக்கு வியர்க்குமா?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் ஒரு தாளில் நோயின் நீண்ட ஆங்கிலப் பெயரை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு போனபோது டார்வினிடம் போய்ச் சேர்ந்தேன்.

வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் ஏற்படும் மாறுபாடுகள் பற்றிய புத்தகத்தின் 1875ஆம் வருஷப் பதிப்பில் டார்வின் ஒரு சிந்து தேசத்து இந்துக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். வெடர்பர்ன் என்பவர் தெரிவித்த செய்தி அது. நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு இரண்டு தாடையிலும் சேர்த்து நான்கு சிறிய வெட்டுப்பற்களும் எட்டுக் கடைவாய்ப்பற்களும்தான். உடம்பில் முடி மிகக் குறைவு, சீக்கிரமே வழுக்கை. வெயில் காலத்தில் தோல் உலர்ந்து மிகவும் சிரமப்படுகிறார்கள். பெண்களுக்கு இது வருவதில்லை, ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனதாக ஓர் உதாரணமும் இல்லை.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் வாய் அதில் இருந்தது. அவர் தலையும் குளமும் இருந்தன. 1921இல் ததானி என்ற நம் நாட்டுக்காரரே அந்தக் குடும்பத்தாரைப் பற்றி மரபியல் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். ‘சிந்துவின் பல்லில்லாத மனிதர்கள்’ என்று அவர்கள் மருத்துவ நூல்களில் இடம் பெற்றார்கள். இங்கிலாந்தில் 1848லேயே தர்னம் என்ற வைத்தியர் இதுபோன்ற இருவரை விவரித்திருக்கிறார். 1996இல் எக்ஸ் குரோமோசோமில் இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். டார்வினின் கவனம் வெயிலில் இல்லை, பரம்பரையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேர் சிந்துவின் கோடையை எப்படிக் கழித்தார்கள், யாரிடம் வேலை பார்த்தார்கள், அவர்களை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்பதெல்லாம் அந்தப் பத்தியில் கிடையாது. ஆனாலும் வெள்ளையர் அல்லாத, பெண் அல்லாத, தெய்வம் அல்லாத சிலருக்கு இந்த நாட்டில் வெயில் தாங்கவில்லை என்பதை நோய் என்ற பெயரில் ஒருவர் எழுதி அச்சிட்டதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

டார்வினின் அந்த விதி எங்கள் வீட்டுக்குள் எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன். பாட்டியிடமிருந்து மாமாவுக்கும் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கு. எனக்கு முன் பிறந்த அண்ணன் எட்டு மாதத்தில் ஒரு சித்திரையில் ‘காரணம் தெரியாத காய்ச்சலில்’ இறந்தான். அது காய்ச்சல்தானா என்று இன்று சந்தேகிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. மாமாவுக்கு ஒரு பெண். எனக்கு முறைப்பெண். தகப்பன் இந்த நோயுள்ளவன் என்றால் மகள் தவறாமல் அதைச் சுமப்பாள். அவளை நான் கட்டிக்கொண்டால் பிறக்கும் குழந்தை ஆணோ பெண்ணோ, இரண்டில் ஒரு பங்கு சாத்தியம். எனக்கு இருபத்தெட்டு நடக்கும்போது அத்தையும் அம்மாவும் பேச்சை எடுத்தார்கள். நான் ஒரு காகிதத்தில் வட்டமும் சதுரமும் போட்டு, பாட்டியிலிருந்து ஆரம்பித்து அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு, ‘அப்ப நான்தான் ஒனக்குக் குடுத்தேனா?’ என்றாள். டார்வின் அந்தப் பத்தியில் இந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

6

மாமா இறந்தது 2003 மே மாதக் கடைசியில். அதே நாட்களில்தான் சென்னையில் 45 டிகிரி பதிவானது. ஏதோ ஒரு சான்றிதழுக்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் அலுவலக வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். நனைத்துக்கொண்டு போன துண்டு உலர்ந்துவிட்டது. வரிசையை விட்டால் மறுநாளும் வர வேண்டும் என்று நின்றுவிட்டதாகப் பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார். வீட்டுக்கு நூறு அடி இருக்கும்போது விழுந்தார். நாற்பத்தேழு வயது. இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதினார்கள். அது பொய் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் கடைசியில் மாரடைத்துத்தான் போகிறது.

இன்று நான் உட்கார்ந்திருக்கும் வங்கிக் கிளையில் குளிர்சாதனம் உண்டு. ஆனால் அது எங்களுக்காக வந்ததல்ல, கம்ப்யூட்டருக்காக வந்தது என்று பழைய ஊழியர்கள் சொல்வார்கள். இதிலும் ஒரு பரம்பரை இருக்கிறது. 1902இல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன குளிர்சாதன இயந்திரத்தை வடிவமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறாமல் இருக்க. மனிதனின் சுகம் பின்னால் யோசிக்கப்பட்டது. எங்கள் ஏ.டி.எம். அறையில் மே மாதத்து மதியங்களில் மீன் விற்கும் பெண்கள் சிலர் கார்டு எதுவும் இல்லாமல் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். காவலாளி ஒன்றும் சொல்வதில்லை.

சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். ஆகவே சான்றிதழில் எந்தச் சொல்லை எழுதுவது என்பது இனி லேசான விஷயம் இல்லை. மறுபுறம், 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 இனங்கள் இருக்கின்றன. எங்களுடையது அவற்றில் இல்லை. 2018இல் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. எர்லாங்கன் நகர மருத்துவர்கள், தாயின் வயிற்றில் இருக்கும்போதே இந்தக் குறையுள்ள இரட்டை ஆண் குழந்தைகளைச் சுற்றியுள்ள நீரில், இல்லாமற்போன புரதத்தைச் செலுத்தினார்கள். 2016இல் பிறந்த அந்தக் குழந்தைகளுக்கு வியர்க்கிறது. இந்தச் செய்தியை நான் அம்மாவிடம் சொன்னேன். முறைப்பெண்ணிடமும் சொன்னேன். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. அவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நண்பரின் கட்டுரை இந்தப் பத்திரிகையில் வரலாம். வர வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். பாலையைப் பற்றி அவர் கண்டுசொல்லும் மற்றவை என்னால் சொல்ல முடியாதவை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மறுபடி பார்க்க வேண்டும். வெயில் நம் உடம்பின் இயல்பு என்று எழுதும்போது, வெயிலில் நிற்க வைக்கப்படுகிறவனின் வாயில் நாம் ஒரு சம்மதத்தைத் திணிக்கிறோம். அவன் சம்மதித்தானா என்று கேட்டவர் இல்லை. எல்லோருக்கும் வியர்ப்பதால் அது தெரியாமல் போயிற்று. வியர்க்காத ஒருவன் கூட்டத்தில் இருக்கும்போதுதான் அந்த வாக்கியம் எங்கே இடிக்கிறது என்று தெரிகிறது.

அடுத்த கூட்டம் ஆவணியில். ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமா என்று இந்தத் தடவை நானே கேட்டிருக்கிறேன்.